கைகளுக்குப் பட்ட கடன்

எந்திரம் மனிதனுக்குப் பகையா, துணையா என்னும் வினா, பள்ளி மேடைகளிலும் பொங்கல் விழாப் பட்டிமன்றங்களிலும் அடிபட்டு அடிபட்டு நைந்துபோன ஒன்று. இரு தரப்பாரும் எழுந்து முழங்குவர். நடுவர் இறுதியில், அளவோடு பயன்படுத்தினால் துணையே என்று தீர்ப்புக் கூறுவார். கூட்டம் கைதட்டிக் கலையும். அத்தீர்ப்பினால் எவருக்கும் தீங்கில்லை, பயனுமில்லை. ஏனெனில், எந்திரத்தைக் கொண்டுவரலாமா வேண்டாமா என்று அக்கூட்டத்தில் இருப்போரை யாரும் கேட்கப் போவதில்லை. அது வரும். வணிகக் கணக்கே அதனைக் கைப்பிடித்து அழைத்து வரும். உண்மையில் கேட்கப்பட வேண்டிய வினா வேறு. பத்துப் பேர் செய்துவந்த வேலையை வேறொன்று செய்யத் தொடங்கிய நாளில், அந்தப் பத்துப் பேருக்கு வேலை கொடுத்தவர் ஏதேனும் கடன்பட்டிருக்கிறாரா? பட்டிருக்கிறார் எனின், அக்கடன் எத்தகையது? மாதந்தோறும் கூலியை எண்ணிக் கொடுத்ததோடு அது தீர்ந்து போகிறதா?

இவ்வினாவை எழுப்புவதற்கு ஜொகூர் மாநிலத்துப் பாலோ தக்கதோர் இடமாகும். குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் அது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவரை 1909ஆம் ஆண்டு நிறைவுற்ற இரயில் பாதையில், பெக்கோக்கிற்கும் குளுவாங்கிற்கும் இடையே அமைந்தது. ஊரைச் சுற்றிலும் தோட்டங்கள். முன்பு பால்மரக் காடாக இருந்த நிலங்களில் பெரும்பகுதி, இரப்பர் விலை சரிந்த காலங்களில் செம்பனைக்கு மாறியது. நூல்களில் எந்திரப் புரட்சி என்றதும் இங்கிலாந்தின் நெசவாலைகளைக் காட்டுவார்கள். ஆனால் மனித உழைப்பை ஒரே வீச்சில் தேவையற்றதாக்கிய ஒரு நிகழ்ச்சி இந்தக் குளுவாங் வட்டாரத்திலேயே நடந்தது. அங்கே வந்தது இரும்பால் ஆன எந்திரம் அன்று. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கூன்வண்டு.

செம்பனையில் ஆண்பூங்கொத்தும் பெண்பூங்கொத்தும் தனித்தனியே தோன்றும். ஒரே மரத்தில் ஒரு பருவம் ஆண்பூவாகவும் மறு பருவம் பெண்பூவாகவும் வரும். ஆகையால் மகரந்தம் ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்திற்குச் சென்றாக வேண்டும். காற்றே அதனைச் செய்கிறது என்பதுதான் நெடுங்காலம் நிலவிய கருத்து. ஆனால் மலேசியத் தோட்டங்களில், குறிப்பாக இளமரங்களில், காற்றின் வேலை போதவில்லை. காய்ப்பிடிப்புக் குறைந்தது. எனவே அவ்வேலையை மனிதர் ஏற்றனர். ஆண்பூக்களிலிருந்து மகரந்தத்தைத் திரட்டி, உலர்த்தி, வெண்பொடியோடு கலந்து, சில நாள்களுக்கு ஒருமுறை மரம் மரமாகச் சென்று, விரிந்த பெண்பூவைத் தேடிக் கண்டு, அதன்மேல் ஊத வேண்டும். முள்ளடர்ந்த மட்டைகளை விலக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. எந்தப் பூ இன்று விரியும், எது நாளை மறுநாள் விரியும் என்பதைப் பார்த்த அளவில் சொல்லும் கண் அதற்கு வேண்டும். தோட்டங்கள் இதற்கெனத் தனிப் படைகளையே வைத்திருந்தன.

ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டுத் தோட்டங்களில் வேலை பார்த்திருந்த லெஸ்லி டேவிட்சன் என்னும் யூனிலிவர் நிறுவனத்துத் தோட்ட அதிகாரி, அங்குப் பூக்களை வண்டுகள் மொய்ப்பதைக் கண்டவர். மலேசியாவில் அவ்வண்டுகள் இல்லை, காய்ப்பிடிப்பும் இல்லை. இரண்டிற்கும் தொடர்பிருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. ஆர். ஏ. சையது என்னும் பூச்சியியல் அறிஞர் காமரூன் சென்று ஆராய்ந்து, எலைடோபியஸ் கமெரூனிக்கஸ் என்னும் கூன்வண்டே அந்தப் பணியைச் சிறப்பாகச் செய்வது என்று நிறுவினார். வேறு பயிருக்குத் தீங்கு செய்யாது என்பது சோதித்து அறியப்பட்ட பின்னர், 1981ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் அது முதன்முதலாகத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டிற்குள் தீபகற்பம் எங்கும் பரவிவிட்டது.

அவ்வண்டு செய்யும் வேலையின் நுட்பம் வியக்கத்தக்கது. ஆண்பூ மலரும்போது சோம்பின் மணம் போன்றதொரு மணம் வீசும். வண்டு அதனை நாடி வந்து அப்பூவிலேயே உண்டு, அப்பூவிலேயே முட்டையிட்டு வாழும். பெண்பூவும் அதே மணத்தை வீசி அதனை அழைக்கும். ஆனால் வந்த வண்டிற்கு அங்கே உணவும் இல்லை, தங்க இடமும் இல்லை. ஏமாந்து திரும்பும் வண்டு, உடலில் ஒட்டியிருந்த மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டுப் போகிறது. கூலி இல்லாமல் வேலை வாங்கும் கலையில் செம்பனை மரம் எந்த முதலாளிக்கும் ஆசானாக இருக்கத் தக்கது.

குலைகள் பருத்தன, காய்ப்பிடிப்புப் பெருகியது. பருப்பு எதிர்பாராத அளவிற்கு வந்து குவிந்ததால் அதனை அரைக்கும் ஆலைகள் திணறின. எலிகள்கூடப் பயன்பெற்றன, ஆண்பூவில் இருந்த வண்டுப் புழுக்களைத் தின்று அவை கொழுத்தன. இவையெல்லாம் ஆய்வேடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. மகரந்தம் ஊதிய படைகளைப் பற்றி அவ்வேடுகள் சொல்வது, உழைப்புச் செலவு மிச்சமாயிற்று என்னும் ஒரு வாசகத்தை மட்டுமே. மிச்சமானது செலவு; ஆனால் மிஞ்சிப் போனவை கைகள். அவை களை பிடுங்கவும் உரம் போடவும் மருந்தடிக்கவும் பழம் பொறுக்கவும் திரும்பின. பூவின் வயதைப் பார்வையால் அளந்த அறிவு, எடுத்து வைக்க இடமின்றி, அவரவரோடு போயிற்று.

இங்கே தவறு செய்தவர் எவர் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். அறிஞர் இயற்கையின் வழியைக் கண்டுபிடித்தார். தோட்ட அதிகாரி அதனைப் பயன்படுத்தினார். நாட்டின் எண்ணெய் வளம் பெருகிற்று. வெயிலில் முள்மட்டைக்குள் தலை நுழைக்கும் வேலையிலிருந்து மனிதர் விடுபட்டனர். தீமை எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அங்ஙனம் சொல்லிவிடக் கூடியதாக இருப்பதே இந்நிகழ்ச்சி நல்ல சான்றாக அமைவதன் காரணம். கொடியவன் ஒருவன் இருந்தால் வழக்கு எளிது. கொடியவன் இல்லாதபோதும் கடன் உண்டா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஒப்பந்தக் கணக்கை நம்புகிறவர் சொல்வது இது: தொழிலாளி உழைப்பை விற்றார், முதலாளி விலை கொடுத்து வாங்கினார். கடைக்காரரிடம் இனி அரிசி வாங்காதவன் கடைக்காரருக்குக் கடன்பட்டவன் ஆவானா? அவ்வாறே உழைப்பு இனி வேண்டாதவரும் கடன்பட்டவர் ஆகார். இக்கூற்றில் ஓரளவு வலிமை உண்டு. ஆனால் சட்டமே இதனை முழுமையாக ஏற்கவில்லை. மலேசியாவில் 1980ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட வேலைநீக்கப் பயன்கள் பற்றிய விதிகள், குறைந்தது பன்னிரண்டு மாதம் வேலை செய்தவரை ஆள்குறைப்பின் பொருட்டு நிறுத்தினால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கின்றன. இரண்டாண்டிற்குக் குறைவாயின் ஆண்டுக்குப் பத்து நாள் கூலி. ஐந்தாண்டிற்குக் குறைவாயின் பதினைந்து நாள். அதற்கு மேலாயின் இருபது நாள். இருபதாண்டு உழைத்தவருக்கு நானூறு நாள் கூலி. அரிசிக் கடைக்காரருக்கு எவரும் இத்தகைய தொகை கொடுப்பதில்லை. உழைப்பு அரிசியைப் போன்றதன்று என்பதைச் சட்டம் அரைகுறையாகவேனும் ஒப்புக்கொள்கிறது என்பதே இதன் பொருள்.

ஆனால் தோட்டப்புறத்தில் வேலை என்பது கூலி மட்டும் அன்று. லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. ஆயாக் கொட்டகையும் பள்ளியும் கோயிலும் அந்த வேலையின் நிழலில் நின்றவை. பெற்றோர் சிதறிப் போனால் பள்ளியில் பிள்ளைகள் குறைவர். பிள்ளைகள் குறைந்தால் பள்ளி இடம்பெயரும் அல்லது மூடப்படும். திருவிழாவிற்கு வரி எழுதக் குடும்பங்கள் இல்லாத கோயில் காட்டிற்குள் தனித்து நிற்கும். நானூறு நாள் கூலி என்னும் கணக்கில் இவற்றிற்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. பட்டணத்தில் தொழிற்சாலை வேலையை இழந்தவன் மறுநாள் வேறொரு தொழிற்சாலையின் வாயிலில் நிற்கலாம். அவன் வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். தோட்டத்தில் வேலையை இழந்தவர் ஓர் ஊரையே இழந்தார். ஆகவே இழப்பை அளக்கும் கோல் கூலியாக மட்டும் இருத்தல் நியாயமாகாது.

இன்னொன்றும் உண்டு. தமிழ்த் தொழிலாளர் தாமாக அலைந்து திரிந்து இந்நாட்டுத் தோட்டங்களை அடைந்தவர் அல்லர். 1907ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியின் உதவியாலும் கங்காணிமாராலும் அழைத்து வரப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வழி திறந்திருந்தது. வேண்டும் என்று அழைத்தவர், வேண்டாம் என்று சொல்லும்போது, அழைக்காதவரைவிடச் சற்றுக் கூடுதலான பொறுப்புடையவர். விருந்தினரைத் தாமே வண்டி அனுப்பி வரவழைத்தவர், உணவு தீர்ந்தது என்று நடுவழியில் இறக்கிவிடுதல் எந்த ஊர் வழக்கிலும் இல்லை. செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைப் பள்ளிகளில் உதவி பெற்ற ஏழை செல்வர்க்குக் காட்ட வேண்டிய பணிவாகவே பெரும்பாலும் விளக்குகிறார்கள். உழைப்பைப் பெற்ற செல்வரும் ஓர் உதவி பெற்றவரே என்று விளக்குவோர் அரியர்.

பழைய உலகமும் இவ்வினாவை அறியாதது அன்று. நெசவுத் தறியின் நாடா தானே ஓடுமாயின் தலைவனுக்கு அடிமைகள் வேண்டியதில்லை என்று அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் குறித்தார். அடிமைக்கு அதன் பின் என்ன நேரும் என்று அவர் தொடர்ந்து எண்ணவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் 1811ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னல் தறிகளை உடைத்த தொழிலாளரை, அறிவியலுக்குப் பகைவர் என்றே பலரும் எண்ணி வருகின்றனர். அவர்கள் தறியோடு பிறந்து தறியோடு வளர்ந்த கைவினைஞர். பயிற்சியற்றவரைக் கொண்டு மட்டமான துணியை மலிவாக நெய்து, கூலியைக் குறைத்ததையே அவர்கள் எதிர்த்தனர். 1812இல் நாடாளுமன்றம் தறி உடைப்பிற்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் இயற்றியது. கவிஞர் பைரன் பிரபுக்கள் அவையில் எழுந்து அதனைக் கண்டித்துப் பேசினார். பேச்சு நிலைத்தது; சட்டமும் நிறைவேறியது.

காந்தியடிகளை எந்திரத்தின் பகைவர் என்று சொல்வோர், 1924ஆம் ஆண்டு அவர் தையல் எந்திரத்திற்கு விலக்களித்ததை மறந்துவிடுகின்றனர். உழைத்துக் களைக்கும் மனைவியின்மேல் கொண்ட அன்பினால் சிங்கர் அதனை ஆக்கினார் என்று அடிகள் கருதினார். வரலாறு அவ்வளவு இனிமையானதன்று. 1851இல் காப்புரிமை பெற்ற சிங்கர் வணிகம் அறிந்தவர். ஆயினும் அடிகளின் கருத்து பழுதுபடவில்லை. அப்படியானால் அந்தத் தையல் எந்திரத்தைச் செய்வதற்கே பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று வினவியபோது, அத்தகைய தொழிற்சாலைகள் அரசின் ஆளுகையில் நல்ல நிலைமைகளில் நடக்க வேண்டும் என்று விடையிறுத்தார். எந்திரம் யாருக்காக, யார் கையில் என்பதே அவர் நோக்கிய இடம். தோட்டத்து லயங்களில் ஒரு சிங்கர் தையல் எந்திரம் வைத்து, பால்வெட்டு முடிந்த பிற்பகலில் அண்டை வீட்டாருக்கு இரவிக்கை தைத்துக் கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் பலர். அவர்களிடம் எந்திரம் பகையா துணையா என்று பட்டிமன்றம் நடத்தத் தேவை இருந்ததில்லை. எந்திரம் அவர்களுக்கே சொந்தமாக இருந்தது.

இனி எண்ணியல் காலத்திற்கு வருவோம். இரும்பு எந்திரம் கைகளின் வேலையைப் பெற்றது. கணினி கணக்கின் வேலையைப் பெற்றிருக்கிறது. தோட்டத்தில் கணக்கு என்பது சிறிய செய்தி அன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் மண்டோர் பெயர் கூப்பிட, கிராணியார் செக்ரோல் புத்தகத்தில் குறிப்பார். அந்தக் குறி விழுந்தால் ஒரு நாள் கூலி, விழாவிட்டால் இல்லை. பால்வெட்டி முடித்து, மங்குகளிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து ஸ்டோருக்கும் கொண்டு வந்த பாலை நிறுப்பார்கள். மெட்ரொலாக் கருவியை மிதக்கவிட்டு, அதில் உலர் இரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். கருவியின் கோட்டைப் படிப்பது கிராணியாரின் கண். கோடு ஒன்று மேலே கீழே படிக்கப்படுவதில் ஒரு குடும்பத்தின் மாதக் கூலி ஏறும், இறங்கும். நேர்மையான கிராணிமார் பலர் இருந்தனர். வேண்டியவருக்கு ஒரு கண்ணும் வேண்டாதவருக்கு மறு கண்ணும் வைத்துப் படித்தவரும் இருந்தனர்.

இன்று பல தோட்டங்களில் குலை எண்ணிக்கை கைத்தொலைபேசியில் பதிவாகிறது. எந்த வரிசையில், எந்த நேரத்தில், எத்தனை குலை என்பது அங்கேயே பதிந்து அலுவலகக் கணினிக்குச் செல்கிறது. ஆலை வாயிலில் லாரியோடு நிறுக்கும் எடைமேடை எண்ணைத் தானே அச்சிடுகிறது. கூலி வங்கிக் கணக்கில் நேரே விழுகிறது. வேண்டியவர், வேண்டாதவர் என்பதைத் தராசு அறியாது. இந்த வகையில் கணினி தொழிலாளிக்குச் செய்த நன்மை பெரிது. அதனை மறுப்பது நன்றன்று. பழைய செக்ரோல் புத்தகத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவோர், அப்புத்தகத்தின் முன் கைகட்டி நின்றவராக இருக்கமாட்டார்.

ஆனால் நடுநிலைமை என்பது வளையாத கோல் மட்டும்தானா? ஒருவர் காய்ச்சலோடு இருந்து பாதி வேலையில் திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கிராணியார் விவரம் கேட்டு முழுப் பெயர் போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். போடாவிட்டால் தொழிலாளி சண்டையிடலாம். தொழிற்சங்கத் தலைவரிடம் போகலாம். பி. பி. நாராயணன் போன்றோர் 1954இல் ஒன்றுபடுத்தி உருவாக்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைகளில் இத்தகைய முறையீடுகள்தாம் அன்றாட வேலையாக இருந்தன. எதிரே ஒரு முகம் இருந்தது. அந்த முகத்திற்குப் பொறுப்பு இருந்தது. இன்று அதே தொழிலாளி கேட்டால் கிடைக்கும் விடை, கணினி அப்படித்தான் காட்டுகிறது என்பது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே அதற்குமேல் தெரியாது. ஓரவஞ்சனை ஒழிந்த இடத்தில், விடை சொல்லக் கடமைப்பட்டவரும் ஒழிந்துபோனார். கணினியை நிறுவிய நிறுவனம், கேட்கப்பட்டால் விளக்கம் தரவும் பிழையிருந்தால் திருத்தவும் அதிகாரம் பெற்ற ஒரு மனிதரை அதன் அருகே அமர்த்துவது அறத்தின் பாற்பட்டது. அந்த ஓர் ஆளின் சம்பளத்தையும் மிச்சப்படுத்த வேண்டும் என்று எண்ணும்போதுதான் சிக்கனம் அநீதியாகிறது.

சிற்றூர்க் கடைத்தெருவிலும் இதே கதையின் சிறு வடிவத்தைக் காணலாம். மளிகைக் கடைகளில் 555 என்று மேலட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேடு ஒன்று இருந்தது. மாத நடுவில் கையில் காசில்லாத குடும்பத்தின் பற்று அதில் ஏறும். சம்பள நாளில் இறங்கும். எழுத்தறியாத மூதாட்டியும் அந்த ஏட்டை நம்பினார். கடைக்காரரும் அவரை நம்பினார். இன்று குறியீட்டுச் சதுரத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினால் பணம் நொடியில் போய்ச் சேர்கிறது. பெருநிறுவனங்கள் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் மின்னியல் விலைச்சீட்டு முறைக்கு மாற வேண்டியதாயிற்று. அம்முறை படிப்படியாகச் சிறிய வணிகங்களையும் நோக்கி நகர்ந்தது. கணக்குத் தெளிவாகும், வரி ஏய்ப்புக் குறையும். நல்லதே. ஆனால் கைத்தொலைபேசியில் இல்லாத காசை யாரும் கடனாக எழுதிக்கொள்வதில்லை. 555 ஏட்டில் ஏமாற்றும் இருந்தது, அதிக விலையும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் மழைக்காலத்தில் பால்வெட்டு நின்ற வாரங்களில் பல வீடுகளில் உலை கொதித்தது அந்த ஏட்டினால்தான்.

இரயில் பாதையைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. கடவைகளில் கதவடைத்துக் கொடிபிடித்தவர்களிலும் தண்டவாளம் பழுது பார்த்தவர்களிலும் தமிழர் பலர் இருந்தனர். 2025ஆம் ஆண்டில் மின்சார இரயில் குளுவாங்கையும் கடந்து ஜொகூர் பாருவை எட்டியது. புதிய இரட்டைப் பாதையில் சாலைகள் மேம்பாலங்களாகக் கடக்கின்றன. கதவும் இல்லை, கதவடைப்பவரும் இல்லை. கடவைகளில் நேர்ந்த விபத்துகளை நினைத்தால் இதற்காக வருந்துவது பொருந்தாது.

வருத்தத்திற்கும் கடனுக்கும் வேறுபாடு உண்டு என்பதை இங்கே தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். பால்வெட்டுக் கத்தியைத் தம் பிள்ளைகள் தொடக்கூடாது என்று தோட்டத்துத் தாய்மார் வேண்டிக்கொண்டனர். விடியற்காலை இருளில் கொசுக்கடியில் ஏறத்தாழ ஐந்நூறு மரங்களைச் சுற்றி வரும் வாழ்க்கை, கவிதையில் அழகாக இருக்கலாம். முதுகிற்கு அழகாக இருந்ததில்லை. இருபது கிலோ எடையுள்ள செம்பனைக் குலையை, நீண்ட குழாயின் முனையில் கட்டிய அரிவாளால், அண்ணாந்து பார்த்து அறுத்து வீழ்த்துவதும் அப்படியே. அந்தப் பளுவை எந்திரம் வாங்கிக்கொண்டால் நன்றி சொல்ல வேண்டும். கடன் என்பது அந்த வேலை போனதற்காக அன்று. அந்த வேலையால் ஆன செல்வம் நிலைத்திருக்க, அதனைச் செய்தவர் மட்டும் நிலையற்றுப் போவதற்காக.

இப்பொழுது இவ்வினா வேறொரு முகத்தோடு திரும்பி வந்திருக்கிறது. இன்று தோட்டத்து வயல்வேலையில் இருப்போரில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது ஆள் வருகை நின்றது. பறிக்க ஆளின்றிக் குலைகள் மரத்திலேயே அழுகின. அதன் பின்னரே எந்திரமயமாக்கத்திற்கு வேகம் பிறந்தது. 2021ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டத்தில் அரசு அதற்கென 3 கோடி வெள்ளி ஒதுக்கித் தொழில்துறையினரும் ஈடாகப் பங்களிக்குமாறு வகை செய்தது. குலை அறுக்க மோட்டார் பொருத்திய கருவி, மருந்து தெளிக்க ஆளில்லா வானூர்தி, ஆலையில் கையால் தள்ளும் தொட்டிகளுக்கு மாற்றாகத் தொடர்ந்து இயங்கும் அவிப்புக் கலன் என்று பலவும் வந்துள்ளன. குறைந்தபட்சக் கூலி 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி 2025இல் 1,700 வெள்ளி ஆனதும் இக்கணக்கில் சேரும்.

இதனைப் பற்றிப் பேசும்போது, இனி எவருக்கும் இழப்பில்லை, உள்நாட்டார் எவரும் இவ்வேலைக்கு வருவதில்லையே என்று எளிதாகச் சொல்லப்படுகிறது. தமிழரும் இதனைச் சொல்கின்றனர். இழப்பவர் வேற்று நாட்டவர் என்றால் இழப்பு இல்லாமல் போகுமா? ஊரில் நிலத்தை அடகு வைத்து முகவருக்குப் பணம் கொடுத்து வந்த ஓர் இளைஞனுக்கு, எந்திரம் ஓராண்டு முந்தி வந்துவிட்டால் அடகு மீளாது. 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. அவனுக்கு அது இல்லை. கப்பலேறி வந்து, வேண்டியபோது வேண்டப்பட்டு, வேண்டாதபோது எண்ணிக்கையாகிப் போன பாட்டன்மாரின் கதையைக் கண்ணீரோடு சொல்லும் சமுதாயம், அதே லயத்தில் இன்று படுத்துறங்கும் அயலானைப் பார்த்து அக்கதையை நினைவுகூரவில்லையானால், அந்தக் கண்ணீரின் தரத்தைப் பற்றி ஐயம் எழுவது இயல்பே.

இவ்வளவும் கேட்டுத் தோட்ட நிர்வாகி ஒருவர், அப்படியானால் செய்ய வேண்டியது என்ன, ஆலையை மூடிவிடவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகச் சந்தையில் சோயா எண்ணெயோடும் சூரியகாந்தி எண்ணெயோடும் போட்டியிடுபவர் அவர்; எந்திரத்தை மறுத்தால் தோட்டமே விற்கப்பட்டு வீட்டு மனைகளாகும். அப்பொழுது எல்லாரும் வெளியேற நேரும். எனவே எந்திரத்தை ஏற்பதா என்பதில் அவருக்கு உரிமை குறைவு. எப்படி ஏற்பது என்பதில் உரிமை மிகுதி. இந்த இரண்டாவது உரிமையைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை. எந்திரம் வந்து இறங்கிய காலையில்தான் பெரட்டில் செய்தி சொல்லப்படுகிறது.

செம்பனைத் தொழிலில் அவ்வாறு திடீரென்று சொல்ல வேண்டிய கட்டாயம் சிறிதும் இல்லை. செம்பனையின் பயன்தரும் வயது ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு. அதன்பின் மரம் உயர்ந்துவிடும், விளைச்சல் இறங்கும், வீழ்த்தி மறுநடவு செய்ய வேண்டும். எந்திரம் செல்வதற்கு ஏற்ற அகலமான வழிகளும் படிகளும் மறுநடவின்போதுதான் திட்டமிடப்படுகின்றன. மேட்டு நிலத்தில் பின்னர் வெட்ட நினைத்தால் செலவு தாங்காது. ஆகவே எந்த ஆண்டில் எந்தப் பகுதிக்கு எந்திரம் வரும் என்பது நிர்வாகத்தின் வரைபடத்தில் முன்னரே இருக்கிறது. நட்ட கன்று காய்க்க ஏறத்தாழ முப்பது மாதம் ஆகும். அந்த முப்பது மாதமும் அப்பகுதியில் குலை வெட்டுவோர்க்கு வேலை இல்லை, எந்திரத்திற்கும் இல்லை.

குலை பழுத்ததை வெட்டுபவர் அறிவது அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் கண்டும், குலையின் நிறத்தை அண்ணாந்து பார்த்தும் ஆகும். பழுக்காததை வெட்டினால் எண்ணெய் குறையும். மிகப் பழுத்தால் அமிலம் ஏறும். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலை சேர வேண்டும். அந்தக் கண்ணைக் கணினிக்குக் கொடுக்கும் ஆய்வுகளில், ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி இது பழுத்தது, இது பழுக்காதது என்று ஒருவர் குறியிட்டுத் தருகிறார்; கணினி அதிலிருந்து கற்கிறது. குறியிடத் தகுதி உள்ளவர் பல்லாண்டு குலை வெட்டிய மனிதரே. 1981இல் மகரந்தம் ஊதியவரின் கண்ணை எவரும் கேட்டு வாங்கவில்லை. வண்டிற்கு அது தேவைப்படவில்லை. இம்முறை கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கொடுப்பதற்கு முன் விலை பேசுவதற்கும், எந்திரத்தை ஓட்டும் பயிற்சியில் தமக்கும் தம் மனைவியர்க்கும் இடம் கேட்பதற்கும், அயலவராயின் ஊர் திரும்பும் செலவையும் முகவருக்குக் கொடுத்த பணத்தையும் கேட்பதற்கும் அந்த முப்பது மாதம் போதுமான காலம். அதனை வரைபடத்தில் வைத்திருப்பவர், பெரட்டுக் களத்தில் எடுத்துச் சொன்னால்.